சீந்தில் கொடியும் நம் வெள்ளணுக்களும்

(அறக்கட்டளையின் மாதாந்திர நல்வாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. இருபத்தெட்டு வருடமாக இந்த ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தி வருகிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருடைய கையில் நான் ஊசி குத்தியிருக்கிறேன். சிலர் இன்றைக்கும் என்னைக் கண்டால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். செயலாளர் அவர்கள் என்னைச் சர்க்கரை நோய் பற்றிப் பேசச் சொன்னார்கள். சர்க்கரை பற்றி இதே மேடையில் இரண்டு டாக்டர்கள் பேசிவிட்டார்கள், எனக்கு வேறொரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது என்று அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள்.

போன மாதம் நம் இலவச முகாமில் நடந்தது. ரத்தம் எடுக்கும் முன் வயதான ஒரு தாயாரிடம், "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டேன். "மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்றார்கள். பக்கத்தில் நின்ற மருமகள், "மாமி, அந்தச் சீந்தில் பொடி?" என்று நினைவுபடுத்தினார். "அது என்ன மருந்தா? அது கொடி" என்றார்கள் மாமி. அன்று அதே பதிலை வேறு நாலைந்து பேரும் சொன்னார்கள். யாரையும் நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள எனக்குத் தகுதியும் கிடையாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சீந்தில் உங்களுக்குத் தெரிந்த கொடிதான். வேப்பமரத்திலும் மாமரத்திலும் ஏறிப் படரும். இலை வெற்றிலை மாதிரி இதய வடிவத்தில் இருக்கும். தண்டில் கொப்புளம் கொப்புளமாகப் புள்ளிகள், மேல்தோல் காகிதம் போல உரியும். மேலே இருந்து மெல்லிய விழுதுகள் நூல் மாதிரித் தொங்கும். வெட்டித் தொங்கவிட்டாலும் சாகாமல் விழுது விட்டுத் தரையைத் தேடும். அதனால்தான் அமிர்தவல்லி என்று பெயர் வைத்தார்கள். வடநாட்டில் கிலோய் என்பார்கள், யூனானி ஹகீம்கள் கிலோ என்பார்கள். தண்டை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் படியும் மாவை எடுத்தால் அது சீந்தில் சர்க்கரை. பெயரில்தான் சர்க்கரை. 2020-ல் தெருத்தெருவாகக் காய்ச்சிக் கொடுத்தோமே கபசுரக் குடிநீர், அதில் சேரும் பதினைந்து சரக்கில் சீந்தில் தண்டும் ஒன்று. ஆகவே இது நமக்கு அந்நியச் சரக்கு இல்லை. காய்ச்சலுக்கு நம் பாட்டிமார்கள் கொடுத்ததுதான்.

இப்போது நம் உடலுக்குள் வருவோம். என்னிடம் சி.பி.சி. பரிசோதனை செய்த காகிதம் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மொத்த வெள்ளணு எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே நியூட்ரோபில், லிம்போசைட், ஈசினோபில், மோனோசைட் என்று வரிசையாக எழுதியிருப்போம். நம் உடலின் காவல்காரர்கள் இவர்கள்தான். பெரியவர்களின் ரத்தத்தில் பாதிக்கு மேல் நியூட்ரோபில். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய் அதை விழுங்கிக் கொன்று, தானும் செத்துப்போகும். காயத்தில் சீழ் என்று நாம் துடைத்து எறிவதில் பெரும்பகுதி அதன் மையத்துதான். மோனோசைட் ரத்தத்தை விட்டு இறங்கி உறுப்புகளுக்குள் போனால் பெருவிழுங்கிச் செல் ஆகிவிடும். அதுவும் விழுங்கும். அதோடு, 'இங்கே எதிரி வந்திருக்கிறான்' என்று மற்றவர்களுக்கு ரசாயனத் தகவலும் அனுப்பும். லிம்போசைட்டுகள் எதிரியின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்பவை. இந்த எதிரி யார், நம் ஆள் யார் என்று பிரித்தறியும் வேலை முக்கியமாக அவற்றுடையது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கொரோனா நேரத்தில் என் கடைக்கு வந்து, "எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க" என்று கேட்டவர்கள் ஏராளம். அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. ஹீமோகுளோபின் மாதிரி ஒரு நம்பராக அதைச் சொல்ல முடியாது. டப்பாவின் மேல் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று அச்சடிப்பவர் எதைக் கூட்டுகிறார், எந்தச் செல்லை, எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள்.

அப்படியானால் சீந்தில் ஒன்றும் செய்யாதா? செய்யும். நன்றாகவே செய்யும். நான் இன்று பேச வந்ததற்கே அதுதான் காரணம்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் ஷரதினி தஹானுகர் முதலானோர் இருந்த குழு சீந்திலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 1993-ல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு முக்கியமானது. புற்றுக் கட்டியால் பித்தக்குழாய் அடைத்து மஞ்சள் காமாலை வந்த 30 நோயாளிகள். பித்தம் அடைத்தவர்களுக்கு வெள்ளணுக்கள் சோர்ந்துபோகும், அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தத்தில் கிருமி பரவிப் பலர் இறந்துபோவார்கள். அந்த 30 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாகச் சீந்தில். கல்லீரல் இரு பிரிவினருக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் நியூட்ரோபில்கள் கிருமியை விழுங்கும் திறனும் கொல்லும் திறனும் சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் சாதாரண அளவுக்குத் திரும்பின. சாப்பிடாதவர்களில் பாதிப் பேருக்கு ரத்தத்தில் கிருமி பரவிய அறிகுறி, சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. அறுவைக்குப் பின் பிழைத்தவர்கள் அங்கே 40 சதவீதம், இங்கே 92 சதவீதத்துக்கும் மேல். சிறிய ஆய்வுதான். முப்பது பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் எலியில் பார்த்ததில்லை இது, மனிதர்களின் வெள்ளணுவில் பார்த்தது. பாட்டி வைத்தியம் என்று சிரிப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தண்டில் உள்ள எந்தப் பொருள் இந்த வேலையைச் செய்கிறது? அதே மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் சீந்தில் தண்டிலிருந்து நீளமான ஒரு சர்க்கரைச் சங்கிலியைப் பிரித்தெடுத்தார்கள். ஜி1-4ஏ என்று பெயர் வைத்தார்கள். நாக்குக்கு இனிக்கும் சர்க்கரை அல்ல, ஆயிரக்கணக்கில் கோத்த மணி மாதிரி ஒரு பெரிய மூலக்கூறு. கிருமிகளின் மேல்தோலிலும் இப்படிப்பட்ட நீளமான சங்கிலிகள் உண்டு. நம் பெருவிழுங்கிச் செல்லின் வெளிப்புறத்தில் அவற்றைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் உணர்விகள் இருக்கின்றன. சீந்திலின் சங்கிலி அந்த உணர்வியைத் தொட்டதும் செல், கிருமி வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறது. விழித்துக்கொள்கிறது, தகவல் ரசாயனங்களை விடுகிறது. வாசலில் யாரோ கதவைத் தட்டினால் திருடனா விருந்தாளியா என்று பார்க்கும் முன் வீடே எழுந்துகொள்ளும் இல்லையா, அந்த மாதிரி.

இதிலேயே இன்னொரு வேடிக்கை. அந்தச் சர்க்கரைச் சங்கிலியை முன்கூட்டியே கொடுத்துவைத்த எலிகளுக்குப் பிறகு கிருமி விஷத்தைச் சாகும் அளவு செலுத்தினார்கள். சாகவில்லை. செல்கள் அளவுக்கு மீறிக் கொதிக்காமல் அடங்கி நின்றன. மனிதர்களிலும் இந்த அடக்கும் பக்கம் தெரிந்திருக்கிறது. தும்மலும் மூக்கடைப்புமாக அவதிப்படும் ஒவ்வாமை நோயாளிகள் 75 பேரை வைத்து 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. அலர்ஜி என்பதே வெள்ளணுக்கள் தேவையில்லாமல் குதிப்பதுதான். எட்டு வாரம் சீந்தில் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தும்மல் நின்றது, மூக்குச் சளியில் ஈசினோபில்கள் குறைந்தன. ஓரிடத்தில் எழுப்புகிறது, ஓரிடத்தில் அடக்குகிறது. ஆகவே இது குழாயைத் திறந்தால் தண்ணீர் கூடும் கதை இல்லை. யாருடைய உடம்பு, எந்த நேரம், எத்தனை நாள் என்பதைப் பொறுத்து மாறுகிற விஷயம்.

இனி கசப்பான பகுதி.

2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, நான்கே மாதத்தில், மும்பையில் கல்லீரல் டாக்டர்கள் ஆறு பேரைப் பார்த்தார்கள். ஆறு பேருக்கும் மஞ்சள் காமாலை, கல்லீரல் வீக்கம். வைரஸ் காமாலை இல்லை. துருவித் துருவிக் கேட்டபோது எல்லோரும் கொரோனா பயத்தில் சீந்தில் சாப்பிட்டு வந்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். 2021-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அடுத்த வருடம் நாட்டின் பல பகுதிகளில் 13 மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் கணக்கை ஒன்றுசேர்த்தார்கள். 43 பேர். பாதிக்கு மேல் பெண்கள். சாப்பிடத் தொடங்கியதிலிருந்து அறிகுறி தெரியும் வரை சிலருக்குக் குறைந்தும் சிலருக்குக் கூடியும், நடுவாகப் பார்த்தால் 46 நாள்.

இவர்கள் பலருடைய கல்லீரலில் துளியளவு சதை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, கல்லீரலைத் தாக்கிக்கொண்டிருந்தவை அவர்களுடைய சொந்த வெள்ளணுக்களே. இதைச் சுயதாக்க நோய் என்பார்கள். நம் ஆள் யார், எதிரி யார் என்று பிரிக்கும் வேலையைச் சொன்னேன் அல்லவா? சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிரிப்பில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். வெளியே தெரியாமல் பல வருடம் அடங்கிக் கிடக்கும். தைராய்டு, முடக்குவாதம், லூபஸ், தோலில் சோரியாசிஸ் இவற்றில் பலவும் இந்த வகைதான். பெரும்பாலானவை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஏற்கெனவே நம் ஆளையே முறைத்துக்கொண்டு நிற்கும் காவல்காரனைப் போய்த் தட்டி எழுப்பி, கையில் தடியையும் கொடுத்தால் என்ன ஆகும்? சீந்தில் அப்படித்தான் தூங்கிக் கிடந்த சுயதாக்கத்தை எழுப்பியிருக்க வேண்டும் என்பது அந்த டாக்டர்களின் கருத்து. உடலில் ஓரிடத்தில் தங்கி வாழும் பெருவிழுங்கிச் செல்களில் பெரும்பங்கு கல்லீரலில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மறுப்பும் வந்தது. நடுநிலையாகச் சொல்ல வேண்டுமென்றால் அதையும் சொல்ல வேண்டும். மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 ஜூலையில் அறிக்கை விட்டது. சீந்தில் பாதுகாப்பானது, அந்த டாக்டர்கள் தாவரத்தைச் சரியாக அடையாளம் காணவில்லை, நோயாளிகள் சாப்பிட்டது அதே குடும்பத்தைச் சேர்ந்த டினோஸ்போரா கிறிஸ்பா என்ற வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அந்த வாதம் முழுக்கச் சரி என்றே வைத்துக்கொண்டாலும் நமக்கு அதில் என்ன ஆறுதல்? வேலியில் படர்ந்த கொடியை வெட்டிக் காயவைத்துப் பொடித்துப் பாட்டிலில் அடைத்துவிட்டால், இது எந்தக் கொடி என்று நீங்கள் சொல்வீர்களா, நான் சொல்வேனா?

சொன்னபடி என் கதைக்கு வருகிறேன்.

2020-ல் எங்கள் லாத்தாவுக்கு வயது 54. பன்னிரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்கள். சுயதாக்கத்தால் வந்த தைராய்டு. அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். கொரோனா வந்ததும் எனக்குப் பயம். உம்மா போன பிறகு எனக்கு உம்மாவாக இருப்பது அவர்கள். தோட்டத்து வேம்பில் படர்ந்திருந்த சீந்தில் தண்டை நானே வெட்டி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தினம் காலையில் ஒரு டம்ளர் கஷாயம். பஜ்ருக்கு எழுந்ததும் லாத்தா அதைத் தவறாமல் குடித்துவிட்டு, "குடிச்சிட்டேன்பா" என்று எனக்குப் போன் போடுவார்கள்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். பசியில்லை, குமட்டல் என்றார்கள். பிறகு கண்ணில் மஞ்சள். ரத்தத்தை நான்தான் எடுத்தேன். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டி நின்றது. மெஷின் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். அதே நம்பர். வெளியூரில் கல்லீரல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "வேற என்ன மருந்து எடுக்கிறாங்க?" என்பதுதான். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "தைராய்டு மாத்திரை மட்டும்தான் சார்."

பொய் சொல்லவில்லை. அது மருந்து என்றே எனக்குத் தோன்றவில்லை. பரிசோதனைக் கூடம் நடத்துகிறவனுக்கே தோன்றவில்லை. அந்த டாக்டர் வைரஸ் டெஸ்ட்டுகளும் ஸ்கேனும் எடுத்துத் தேடிக்கொண்டிருந்த பத்து நாளும் லாத்தா காலையில் கஷாயம் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்றாவது முறை போனபோது மச்சான்தான் பேச்சோடு பேச்சாக, "காமாலைக்கு அந்தச் சீந்திலை ரெண்டு வேளையாக் குடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

அன்றே நிறுத்தினோம். கல்லீரல் சதைப் பரிசோதனையில் சுயதாக்கம் என்று வந்தது. எட்டு மாதம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், லாத்தா இன்று நலம். "நீ நல்லதுக்குத்தானே குடுத்தே" என்று இன்றைக்கும் என்னைத் தேற்றுகிறார்கள். அந்தப் பத்து நாளை நினைத்தால் எனக்குத் தேறவில்லை.

ஆகவே தாய்மார்களே, யாரெல்லாம் டாக்டரைக் கேட்காமல் சீந்திலைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன சுயதாக்க நோய்கள் உள்ளவர்கள், அந்தத் தைராய்டு உட்பட. ஏற்கெனவே கல்லீரல் பழுதுள்ளவர்கள், மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் உள்ளவர்கள். அந்த 43 பேரில் நிலைமை மோசமானவர்களில் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றி வைத்தவர்கள் அறவே கூடாது. அவர்கள் சாப்பிடும் மாத்திரையே வெள்ளணுக்களைத் தூங்க வைக்கத்தான். ஒரு கையால் தூங்கவைத்து மறு கையால் தட்டி எழுப்பினால், வந்த உறுப்பை உடல் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களும் கவனம். சீந்தில் சர்க்கரையையும் இறக்கும், இரண்டும் சேர்ந்தால் திடீரென்று தாழ்ந்துவிடலாம். நோன்பு நேரத்தில் இது இன்னும் ஆபத்து. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்த்துவிடுங்கள்.

முன்வரிசையில் ஒரு சகோதரர் கபசுரக் குடிநீரைப் பற்றிச் சீட்டு அனுப்பியிருக்கிறார். சித்த மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன சில நாள் குடிப்பது வேறு. ஒரே கொடியை மாதக்கணக்கில் நாமாகவே தினமும் குடிப்பது வேறு. நம் பழைய ஹகீம்களும் சித்த வைத்தியர்களும் இதை வருடம் முழுக்கக் குடிக்கும் தேநீராகவா கொடுத்தார்கள்? நாடி பார்த்து, நாள் கணக்குச் சொல்லி, பத்தியம் சொல்லித்தானே கொடுத்தார்கள். அதை விட்டுவிட்டுக் கொடியை மட்டும் பிடித்துக்கொண்டது நாம்.

இன்னொரு சீட்டு கருஞ்சீரகம் பற்றி. நபி (ஸல்) அவர்கள் அதைச் சிறப்பித்துச் சொன்னதை நாம் எல்லோரும் அறிவோம். அதன் மீது கை வைக்க நான் யார்? ஆனால் உணவில் ஒரு சிட்டிகை போடுவதற்கும், எண்ணெயைக் கேப்சூலில் அடைத்து வேளைக்கு இரண்டாக விழுங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதுவும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடியது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

சீந்தில் சாப்பிட்டு வருபவர்களுக்குப் பசியின்மை, குமட்டல், அசதி, உடம்பில் அரிப்பு, டீத்தண்ணி நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். 'காமாலைக்கும் இதுதானே மருந்து' என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். எங்கள் மச்சான் கேட்டது அதைத்தான்.

செயலாளரிடம் பேசி முகாமின் பதிவுச் சீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். 'சாப்பிடும் மாத்திரைகள்' என்பதற்குக் கீழே, 'கஷாயம், பொடி, லேகியம், எண்ணெய், கேப்சூல்' என்று தனியாக இருக்கும். எழுதத் தெரியாதவர்கள் பாட்டிலையே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். அடுத்த முகாம் இன்ஷா அல்லாஹ் வரும் மாதம் முதல் ஞாயிறு, காலை எட்டு மணிக்கு, மதரஸா மண்டபத்தில். சர்க்கரை பார்ப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரவும். லாத்தாவும் வருவார்கள், பெண்கள் பக்கத்தில் சீட்டு எழுதுவது அவர்கள்தான்.

வஸ்ஸலாம்.